பெருங்கட்சி ஆதிக்கமும் தேர்தல் முறையும்: குச்சனூரிலிருந்து ஒரு நோக்கு

சுரபி நதிக்கரையில் அமைந்த குச்சனூரை நம் வாசகரில் பலர் அங்குள்ள சனீசுவரர் கோயிலின் பெயரால் அறிந்திருப்பர். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் அவ்வூருக்கு வரும் கூட்டம் பெரிது. மற்ற நாள்களில் அது சின்னமனூருக்கு அண்மையில், முல்லைப் பெரியாற்று நீரால் விளையும் வயல்களுக்கிடையே அடங்கியிருக்கும் ஒரு சிறு பேரூராட்சி. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலமாகிய 14,707 ஏக்கரைக் குறித்தும், அணையின் நீர்மட்டத்தைக் குறித்தும் பேசாத வேட்பாளரை இப்பகுதியில் காண்பது அரிது.

இத்தகைய ஊர்களின் பேருந்து நிறுத்தத்தருகே பல கட்சிகளின் கொடிக்கம்பங்கள் வரிசையாக நின்றதை நாம் நெடுங்காலம் கண்டிருக்கிறோம். பொது இடங்களிலுள்ள அக்கம்பங்களை அகற்றுமாறு 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. கம்பங்கள் எட்டோ பத்தோ நின்றன. ஆயினும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இப்பகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றோருள் மிகப் பெரும்பாலோர் இரண்டு கம்பங்களுக்கு உரியவராகவே இருந்தனர். ஏன் அவ்வாறு? இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவது இதனையே.

ஆயர்களுக்கும் இறையியல் மாணாக்கருக்கும் இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். அரசியல் பிரசங்கபீடத்திற்கு உரியதன்று என்னும் கருத்துடையோர் நம்மிடையே இன்றும் உளர். அவரோடு நாம் ஈண்டு வழக்காட விரும்பவில்லை. நம் சபையார் அனைவரும் வாக்காளர் என்பதையும், நம் திருச்சபையே அடிக்கடி தேர்தல் நடத்தும் ஓர் அமைப்பு என்பதையும் மட்டும் நினைவூட்டி மேற்செல்கிறோம். இரண்டாவதாகக் கூறியதே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அதற்கு இறுதியில் திரும்புவோம்.

ஆதிக்கக் கட்சி என்பது யாது?

ஒரே கட்சிக்கு மட்டும் சட்டம் இடந்தரும் நாடுகள் உண்டு. நாம் பேசுவது அவற்றைக் குறித்தன்று. பல கட்சிகள் தடையின்றி இயங்குகின்றன, தேர்தல் உரிய காலத்தில் நடைபெறுகிறது, வாக்குகள் எண்ணப்படுகின்றன, ஆயினும் வெற்றி மீண்டும் மீண்டும் ஒரே கட்சியைச் சேர்கிறது. அத்தகைய கட்சியையே ஆதிக்கக் கட்சி என்கிறோம். பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவர்ஜே 1951இல் வெளிவந்த தம் நூலில் இதற்கு ஓர் இலக்கணம் வகுக்க முயன்றார். இந்தியாவைப் பொறுத்தமட்டில் ரஜனி கோத்தாரி 1964இல் எழுதிய கட்டுரையே இன்றும் தொடக்கமாய் விளங்குகிறது. காங்கிரஸ் கட்சியை அவர் ஒரு கட்சி என்பதினும் ஓர் ஒழுங்குமுறை என்றே கண்டார். அக்கட்சிக்குள்ளிருந்த பல பிரிவுகளே ஒன்றோடொன்று போட்டியிட்டன. வெளியே இருந்த எதிர்க்கட்சிகளோ ஆட்சியைப் பிடிப்பதற்கன்றி, உள்ளிருந்த பிரிவுகளுள் ஒன்றை நெருக்குவதற்கே பயன்பட்டன என்பது அவர் கருத்தின் சாரம்.

நம் மாநில வரலாறு இதற்கு நல்ல சான்று. 1954 ஏப்ரலில் ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். காமராசர் அப்பதவியை ஏற்றார். குலக்கல்வித் திட்டம் என எதிர்ப்பாளர் பெயரிட்ட கல்வித் திட்டத்தின் மீதெழுந்த கிளர்ச்சி அதன் பின்னணி. ஆட்சியின் போக்கையே மாற்றிய இந்நிகழ்ச்சிக்குப் பொதுத் தேர்தல் எதுவும் நடைபெறவில்லை. கிளர்ச்சி செய்தோர் கட்சிக்கு வெளியே நின்றனர். மாற்றமோ கட்சிக்கு உள்ளே நிகழ்ந்தது.

ஆதிக்கம் என்றவுடன் மக்களுள் பெரும்பான்மையோரின் ஆதரவு என்று எண்ணிவிடலாகாது. 1952ஆம் ஆண்டின் முதற் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் மக்களவையின் 489 இடங்களுள் 364 இடங்களை வென்றது. அது பெற்ற வாக்குகளோ நூற்றுக்கு 45 அளவே. நேருவின் காலத்திலும், 1984இன் பெருவெற்றியிலும்கூட அது நூற்றுக்கு ஐம்பதைத் தொட்டதில்லை. 2014இல் பாரதிய ஜனதா கட்சி தனித்தே 282 இடங்களைப் பெற்றபோது அதற்குக் கிடைத்த வாக்கு நூற்றுக்கு 31 மட்டுமே. பாதிக்குக் குறைந்த வாக்கு மூன்றில் இரண்டு பங்கு இடமாக மாறும் வித்தை எங்கே நிகழ்கிறது? வாக்குச் சாவடியில் அன்று, எண்ணும் விதியில்.

எண்ணும் விதி

நம் நாட்டில் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். மற்றெவரினும் ஒரு வாக்கேனும் கூடுதலாகப் பெற்றவர் வென்றவர். நூறு பேர் வாக்களிக்கும் ஊரில் மூவர் போட்டியிட்டு முறையே 40, 35, 25 வாக்குகள் பெற்றால், நாற்பது பெற்றவர் ஊர் முழுமைக்கும் பேராளர். அவரை வேண்டாம் என்ற அறுபது பேருக்குச் சபையில் வாயில்லை. இதே நிலை எல்லாத் தொகுதிகளிலும் நிகழ்ந்தால், நாற்பது விழுக்காடு பெற்ற கட்சி சபை முழுவதையும் நிரப்பும்.

இவ்விதி எப்போதும் பெரிய கட்சிக்கே துணை நிற்கும் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மைதான். மற்றொரு பாதியை 1967இல் தமிழ்நாடு கண்டது. அத்தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்கு நூற்றுக்கு 41.1, திராவிட முன்னேற்றக் கழகம் பெற்றது 40.7. கூடுதலாக வாக்குப் பெற்ற காங்கிரசுக்குக் கிடைத்த இடங்கள் 51, கழகத்துக்கு 137. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்று தன் வாக்கை மாநிலம் முழுவதும் சிதறவிட்டது. கழகமோ 174 தொகுதிகளில் மட்டும் நின்று, எஞ்சியவற்றைச் சுதந்திரா, மார்க்சிஸ்ட் முதலிய கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. எதிர்ப்பு வாக்குகள் பிரிந்து கிடந்தவரையில் காங்கிரசைத் தூக்கிப் பிடித்த அதே விதி, அவை ஒன்று சேர்ந்தவுடன் அதைக் கீழே தள்ளிற்று. சேர்த்து வைத்தவருள் ஒருவர் 1952இல் அதே காங்கிரசின் முதலமைச்சராயிருந்த ராஜாஜி என்பது வரலாற்றின் குறும்பு.

இப்பாடத்தை 1967க்குப் பின் வந்த தலைவர் எவரும் மறக்கவில்லை. கூட்டணி என்னும் சொல் தமிழக அரசியலின் உயிர்ச்சொல்லாயிற்று. ஆனால் இக்கூட்டணிகளின் இயல்பு ஐரோப்பிய நாடுகளில் காணப்படுவதன்று. அங்கே தேர்தலுக்குப் பின் கட்சிகள் கூடி ஆட்சியைப் பங்கிடுகின்றன. இங்கே தேர்தலுக்கு முன் தொகுதிகள் பங்கிடப்படுகின்றன, ஆட்சி பங்கிடப்படுவதில்லை. 1967 முதல் 2021 தேர்தல் வரை அமைந்த எந்த அமைச்சரவையிலும் கூட்டணிக் கட்சிக்கு இடமளிக்கப்படவில்லை. 2006இல் தி.மு.க. 96 இடங்களே பெற்று, பெரும்பான்மையின்றி அமைச்சரவை அமைத்தபோதும், 34 இடங்கள் வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்தே ஆதரவளித்தது.

சிறு கட்சிகளின் நிலை இன்னும் நுட்பமாக ஆராயத்தக்கது. 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி தனித்து நின்று நூற்றுக்கு 6.6 வாக்குப் பெற்றது. ஓர் இடமும் இல்லை. அதினும் குறைவாக 4.3 பெற்ற காங்கிரஸ் தி.மு.க. அணியில் நின்று 18 இடங்களை வென்றது. 3.8 பெற்ற பாட்டாளி மக்கள் கட்சிக்கு 5; 2.6 பெற்ற பாரதிய ஜனதாவுக்கு 4. பெரிய மரத்தைச் சார்ந்து படர்ந்தால் பூக்கலாம். தனித்து நின்றால் வாக்கு உண்டு, காய் இல்லை. இன்னொன்று: அத்தேர்தலில் தி.மு.க.வின் 133 உறுப்பினருள் 8 பேர் தோழமைக் கட்சிகளைச் சார்ந்தவர்; உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றவர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் தி.மு.க. உறுப்பினரே, அக்கட்சியின் கொறடா ஆணைக்குக் கட்டுப்பட்டவரே. இவ்வாறு சிறு கட்சி பெருங்கட்சியால் வெல்லப்படாமலே விழுங்கப்படுவதும் உண்டு.

விதி மட்டுமே காரணமா?

அன்று. தென்னாப்பிரிக்காவில் வாக்கு விழுக்காட்டுக்கு ஏற்பவே இடங்கள் பங்கிடப்படுகின்றன; ஆயினும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் 1994 முதல் முப்பது ஆண்டுகள் தனிப் பெரும்பான்மையோடு ஆண்டது. 2024இல்தான் நூற்றுக்கு நாற்பதளவுக்கு இறங்கி, பிற கட்சிகளைத் துணை சேர்க்க வேண்டியதாயிற்று. ஸ்வீடனில் சமூக ஜனநாயகக் கட்சி 1932 முதல் 1976 வரை ஏறக்குறைய இடைவிடாது ஆட்சியில் இருந்தது. விடுதலைப் போராட்டத்தின் நினைவு, தொழிற்சங்கங்கள், அரசுப் பணி, ஊர்தோறும் கிளை ஆகியவை கட்சிக்கு வேராகின்றன. சிங்கப்பூரிலோ வேரும் உண்டு, விதியின் உதவியும் உண்டு. 2020இல் அங்குள்ள மக்கள் செயல் கட்சி நூற்றுக்கு 61 வாக்குப் பெற்று 93 இடங்களுள் 83ஐ அடைந்தது. அங்கே 1988 முதல் பல உறுப்பினரைக் குழுவாகத் தேர்ந்தெடுக்கும் தொகுதிகள் உண்டு. தமிழர் உள்ளிட்ட சிறுபான்மையினர் ஒருவரேனும் குழுவில் இருத்தல் வேண்டும் என்பது அதன் நியாயம். வென்ற குழு அத்தொகுதியின் எல்லா இடங்களையும் கொள்ளும் என்பது அதன் விளைவு.

தமிழகத்தில் வேராக இருப்பது சின்னம் எனலாம். இதை விளங்கிக்கொள்ளக் கம்பம் பள்ளத்தாக்கினும் சிறந்த பாடசாலை இல்லை. 1972 அக்டோபரில் பிறந்த அ.இ.அ.தி.மு.க., 1973 மே மாதம் இப்பகுதிக்கு அண்டையிலுள்ள திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் இரட்டை இலைச் சின்னத்தோடு நின்றது. ஆளுங்கட்சியாகிய தி.மு.க. மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவின் புரூக்ளின் நகர மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். அவர் மறைவுக்குப் பின் கட்சி இரண்டாகப் பிளந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989இல் செல்வி ஜெயலலிதா சேவல் சின்னத்தில் நின்று சட்டமன்றம் புகுந்த முதல் தொகுதி போடிநாயக்கனூர். குச்சனூரும் அத்தொகுதிக்குள் அடங்கிய ஊர். பின்னர் 2002 இடைத்தேர்தலிலும் 2006இலும் ஆண்டிபட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. திரு. ஓ. பன்னீர்செல்வம் பெரியகுளத்தில் இருமுறையும், அத்தொகுதி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டபின் போடியில் 2011, 2016, 2021 ஆகிய மும்முறையும் வென்றார். 2016இல் தேனி மாவட்டத்தின் நான்கு தொகுதிகளும் இரட்டை இலைக்கே.

இவ்வளவையும் கொண்டு இப்பள்ளத்தாக்கு மக்கள் சின்னத்தைக் கண்டு கண்மூடி வாக்களிப்பவர் என்று முடிவு கட்டுவோர் 2019 ஏப்ரலைப் பார்க்க வேண்டும். அன்று தேனி மக்களவைத் தொகுதியில் அ.இ.அ.தி.மு.க. வென்றது, அவ்வாண்டு தமிழ்நாட்டில் அந்த அணிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. அதே நாளில், அதே மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல்களில் வென்றதோ தி.மு.க. ஒரே சாவடியில், அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரண்டு இயந்திரங்களில், இரண்டு விதமாக அழுத்தியோர் திரளாக இருந்திருந்தாலன்றி இது நிகழாது. ஆண்டிபட்டியில் இரு பெருங்கட்சிகளின் வேட்பாளரும் உடன்பிறந்த சகோதரர் என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம். 2021இல் போடியில் தி.மு.க. வேட்பாளராக நின்று தோற்று, 2024இல் தேனியில் அக்கட்சியின் சார்பாகவே மக்களவைக்குச் சென்ற திரு. தங்க தமிழ்ச்செல்வன், முன்னர் ஆண்டிபட்டியில் இரட்டை இலையில் வென்றவரே. அவர் 2024இல் வென்றது 1999இல் இதே வட்டாரத்தின் மக்களவை உறுப்பினரான திரு. டி.டி.வி. தினகரனை. ஆட்கள் இடம் மாறுகிறார்கள், மேடை இரண்டே. ஆதிக்கக் கட்சிகளின் உண்மையான ஆற்றல் எதிரியை அழிப்பதினும், எதிரியாகத் தக்கவரைத் தன்னுள் இழுத்துக்கொள்வதில் அதிகம் விளங்குகிறது என்பது நம் கருத்து.

ஆதிக்கம் நிலையானதன்று என்பதற்கும் இவ்வட்டாரமே சாட்சி. 1920 முதல் பெரும்பகுதி சென்னை மாகாணத்தை ஆண்ட நீதிக் கட்சி 1937 தேர்தலில் சாய்ந்தது. காங்கிரஸ் 215 இடங்களுள் 159ஐ வென்றது. 1936இல் சில மாதம் முதலமைச்சராயிருந்த பி.டி. ராஜன் உத்தமபாளையத்துக்காரர். 1952இல் நீதிக் கட்சியின் பெயரால் மாகாணம் முழுவதிலும் வென்றவர் அவர் ஒருவரே. பேராலமரம் சாய்ந்தபின் பிறந்த ஊரில் ஒரு விழுது மட்டும் நின்றதுபோல் அது நின்றது.

பேரூராட்சியில் கட்சி, ஊராட்சியில் சாதி

குச்சனூர் பேரூராட்சியாதலால் அங்கு வார்டு உறுப்பினர் தேர்தலே கட்சிச் சின்னத்தில் நடைபெறுகிறது. அண்டையிலுள்ள கிராம ஊராட்சிகளிலோ தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சி சார்பின்றித் தேர்ந்தெடுக்கப்படுவர். ஒரு வாய்க்காலுக்கு இப்புறம் உதயசூரியனும் இரட்டை இலையும்; அப்புறம் பூட்டும் சாவியும். சில நூறு வாக்குகளே கொண்ட வார்டில், தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் உரிய தேர்தலில், மாநிலக் கட்சிக்கு என்ன வேலை என்று கேட்போர் பலர். கிராம ஊராட்சிகளில் கட்சி இல்லாதிருப்பதே நன்று என்பர் அவர்.

நாம் அத்துணை உறுதியாகச் சொல்ல இயலாதவராய் இருக்கிறோம். மலைக்கு இப்பாலுள்ள உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் அங்கே முறையான தேர்தல் நடைபெற இயலவில்லை; வேட்பாளர் முன்வரவில்லை, வந்தவர் உடனே விலகினர். 2006 அக்டோபரில்தான் தேர்தல் நிறைவேறித் தலைவர்கள் பதவியில் அமர்ந்தனர். அங்கே ஆதிக்கம் செலுத்தியது எந்தக் கட்சியும் அன்று. சமூகவியல் அறிஞர் எம்.என். ஸ்ரீநிவாஸ் ஆதிக்க சாதி என்று பெயரிட்டது யாதோ அது. கட்சியின் பிடி தளரும் இடத்தில் சுதந்திரம் தானே வந்து நிரம்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆயினும் பெருங்கட்சிகளின் கையில் உள்ளாட்சி பட்ட பாட்டையும் மறைத்தல் ஆகாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அறிவிக்கப்பட்ட தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரிலும் 2021 அக்டோபரிலுமாக இரு கூறாகத் தேர்தல் நடந்தது. பேரூராட்சிகளோ 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குச்சனூர் போன்ற ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. தனி அலுவலரே நிருவகித்தார். பேரூராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் 2006இல் மறைமுகம், 2011இல் நேரடி, 2022இல் மீண்டும் மறைமுகம் என மாறி மாறி வந்தது. ஆட்டத்தில் இறங்குபவரே ஆட்டத்தின் விதியையும் எழுதுகிறார் என்பதே ஆதிக்கக் கட்சி முறையின் மிகக் கூரிய குறை.

அக்குறை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை இலங்கை காட்டிற்று. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 51க்குச் சற்றுக் குறைந்த வாக்கில் 168 இடங்களுள் 140ஐ வென்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 30 விழுக்காடு பெற்றும் 8 இடங்களோடு நின்றது. ஏழு விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, அதன் வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்திருந்தமையால், 18 இடங்கள் பெற்று எதிர்க்கட்சியாயிற்று. ஆறில் ஐந்து பங்கு இடங்களைக் கொண்டு ஆளுங்கட்சி 1978இல் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றியது. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பை நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியது. 1983 ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாம் திருத்தத்தின் பிரமாணத்தை ஏற்க மறுத்த தமிழ் உறுப்பினர் தம் இடங்களை இழந்தனர். 1978இன் அரசியலமைப்பே விகிதாசார முறையைக் கொண்டுவந்தது என்பதையும் சொல்லுதல் நேர்மை. ஆனால் அம்முறையில் முதற் பொதுத் தேர்தல் 1989இல்தான் வந்தது. அதற்குள் நடந்தவை நாம் அறிந்தவை.

சிதறி வாழ்வோர்

இலங்கைச் சான்றில் மற்றொரு நுட்பம் உண்டு. ஓரிடத்தில் செறிந்து வாழும் சிறுபான்மைக்கு இவ்விதி தீங்கு செய்வதில்லை. சிதறி வாழும் சிறுபான்மையையே அது காணாமற் செய்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர் செறிந்து வாழ்கின்றனர். எல்லாக் கட்சிகளும் அதைக் கணக்கில் கொண்டே வேட்பாளரை நிறுத்துகின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் நம் சபைகள் ஊருக்குச் சில வீடுகளாகக் கிடக்கின்றன. இங்கே எந்தக் கட்சிக்கும் நம் வாக்கு இன்றியமையாததன்று.

நம் சபையாருள் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்தோரின் நிலை இன்னும் கடினமானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வழங்கிற்று. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே பெரியகுளம் தனித் தொகுதியில் வாக்களிக்கும் தலித் கிறிஸ்தவர் அங்கே வேட்பாளராக முடியாது. போடிக்கு மேலே மலைக்கு அப்பாலுள்ள தேவிகுளம் தனித் தொகுதியின் உறுப்பினர் கிறிஸ்தவர் என்று கூறி அவர் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாததாக்கிற்று; 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவர் தேர்தலை உறுதிப்படுத்தியது. அவ்விரண்டு ஆண்டுகளும் அங்கே வழக்காடப்பட்டது ஒரு குடும்பத்தின் வழிபாடும் சடங்குகளும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தலித் கிறிஸ்தவர்க்குத் தகுதி வழங்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் மத்திய அரசினுடையது. அங்கே பெரும்பான்மை பெற்ற கட்சிகள், காங்கிரஸ் உட்பட, இதைக் காத்திருக்க வைத்தே பழகியவை.

இதனால் மனம் புழுங்கி, சபை முழுவதும் ஒரே சின்னத்துக்கு வாக்களிக்க வேண்டுமெனப் பிரசங்கபீடத்திலிருந்து சொல்லிவிடத் துணியும் ஆயர்களுக்கு ஒரு சொல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, வேட்பாளரின் இசைவோடு செய்யப்படுமாயின், தெய்வ கோபத்துக்கோ ஆன்மிகக் கண்டனத்துக்கோ ஆளாவீர் என்று வாக்காளரை நம்பச் செய்வதை முறைகேடான செயல் என்கிறது. சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்பதும் அவ்வாறே. வாக்காளரின் சமயமும் இதில் அடங்கும் என 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் ஆயம் தீர்ப்பளித்தது. 1988ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் வழிபாட்டிடங்களை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஆலய வளாகத்தில் வேட்பாளருக்குச் சால்வை போர்த்துவோர் இதை அறிந்திருத்தல் நலம்.

நம் வீட்டுத் தேர்தல்

இனித் தொடக்கத்தில் கூறியதற்கு வருவோம். நம் சபைகளிற் பலவற்றில் குருசேகரக் குழுவுக்கும் பேராயப் பெருமன்றத்துக்கும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை இடமோ அத்தனை வாக்கு ஒவ்வொருவருக்கும் உண்டு. இது நாட்டுத் தேர்தல் விதியினும் கடுமையானது என்பதைப் பலர் உணர்வதில்லை. பன்னிரண்டு இடம், இருநூறு வாக்காளர், இரண்டு அணிகள் என்று கொள்வோம். ஓர் அணிக்கு 110 பேர், மற்றதற்கு 90 பேர். அணியின் அச்சிட்ட பட்டியலை ஒவ்வொருவரும் அப்படியே பார்த்து எழுதினால் முடிவு ஏழுக்கு ஐந்து அன்று, பன்னிரண்டுக்குப் பூச்சியம். தொண்ணூறு பேர் மூன்றாண்டுக்குக் குரலற்றவராவர். அடுத்த தேர்தலில் அவர்கள் வென்றால் அதே பன்னிரண்டையும் அவர்கள் கொள்வர். பின்னர் நீதிமன்றத்துக்குப் போவோம். நாம் பணியாற்றிய ஒரு குருசேகரத்தில் இதைக் கண்ணாரக் கண்டோம். தோற்ற அணியார் ஓராண்டுக் காலம் காணிக்கை உறையை வெறுமையாகப் போட்டனர்.

இதற்கு மாற்று வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. மாநிலங்களவைக்கு நம் சட்டமன்ற உறுப்பினர் வாக்களிப்பது ஒற்றை மாற்று வாக்கு முறையில்தான். ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு. விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று குறிப்பர். 234 பேர் ஆறு இடங்களை நிரப்பும்போது 34 வாக்குப் பெறுபவர் வென்றவர். மேற்கூறிய சபைக்கு அதே கணக்கைப் போட்டால் 16 வாக்கு ஓர் இடத்துக்குப் போதும். 110 பேர் கொண்ட அணிக்கு ஆறு இடம் முழுமையாகவும், 90 பேர் கொண்டதற்கு ஐந்தும் கிடைக்கும். எஞ்சிய பன்னிரண்டாவது இடம் மீதி வாக்கு மிகுந்த பெரிய அணிக்குச் சேரும். ஏழுக்கு ஐந்து.

எருசலேம் சபையில் கிரேக்க மொழியாளர் தம் விதவைகள் பந்தியில் புறக்கணிக்கப்பட்டதாக முறையிட்டபோது சபை தெரிந்துகொண்ட எழுவரின் பெயர்களைக் கவனித்தால், ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை எல்லாம் கிரேக்கப் பெயர்கள். எபிரெயர் சிலரும் அக்காலத்தில் கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்டதுண்டு. ஆதலால் எழுவரும் முறையிட்ட தரப்பாரே என அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பான்மைத் தரப்பு தன் பட்டியலை அங்கே நிறைவேற்றிக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெளிவு.

இக்கணக்கை நாம் ஒரு சபைக் குழுக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். இரு அணியாரும் பொறுமையாகக் கேட்டனர். முடிவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "ஐயா, கணக்கு சரிதான். ஆனால் இப்போது பன்னிரண்டும் எங்களிடம் இருக்கிறதே, அதில் ஐந்தை நாங்களே ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். எதிரணியார் சினங்கொள்வர் என்று எண்ணினோம். அவர்களோ சிரித்தார்கள், அடுத்த முறை பன்னிரண்டும் தங்களுக்கே என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.